படத்தில் விழுந்த மூட்டை

குழந்தையைப் படம் எடுக்க வருகிற கும்பலில் குழந்தை ஒன்றுதான் மனுஷ ஜன்மம். மற்றதெல்லாம் செருப்புப் போட்டு நடந்து வருகிற தலைவலி. இதைச் சொல்ல எனக்கு இரட்டைத் தகுதி உண்டு. அடையாள அட்டை ஆபீசில் படம் சரிபார்க்கிற மேஜையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, காது தெரியவில்லை, பல் தெரிகிறது, பின்னால் நிழல் விழுகிறது என்று ஒரு லட்சம் மூஞ்சிகளையாவது திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வு பெற்று வந்து உட்கார்ந்தால், மூன்றாவது மாடியில் என் கதவுக்கு நேர் எதிர்க்கதவு ஒரு போட்டோ ஸ்டூடியோ. விதி என்னை விட்டுவைக்கவில்லை. நானும் என் கதவைச் சாத்தி வைக்கவில்லை.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி முன்னறை. கிழக்கே ஒரு ஜன்னல். காலை எட்டிலிருந்து பத்தரை வரை அதன் வழியாக வருகிற வெளிச்சம்தான் கடையின் மூலதனம். ஒரு கம்பியில் தொங்கும் வெள்ளைப் படுக்கை விரிப்புதான் திரை. மழைக்காலத்தில் அதே கம்பியின் மறுமுனையில் குழந்தைத் துணிகள் காயும். வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மோகோல் அட்டை. அதன் ஓரங்களைக் கொறித்து வைத்திருப்பது எலி அல்ல, போட்டோக்காரியின் சின்னப் பெண். எட்டு மாதம். பூசணி என்று நான் வைத்த பெயர் அவளுடைய உண்மையான பெயரை எப்போதோ விழுங்கிவிட்டது. மூத்தவளுக்கு ஐந்து வயது. வருகிறவர்களிடம் "செருப்பை வரிசையா விடுங்க. அம்மா பாப்பாவுக்குக் கழுவி விடறாங்க, உக்காருங்க" என்று சொல்வதால் அவள் மேனேஜர்.

இந்த இரண்டையும் இடுப்பிலும் காலிலும் கட்டிக்கொண்டு போட்டோக்காரி தொழில் செய்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு மசிய வேண்டும், கேமரா பேட்டரி ஏற வேண்டும், பூசணி தூங்க வேண்டும், வெளிச்சம் போகக் கூடாது. நான்கையும் ஒரே மூளையில் வைத்திருந்தாள். எது இடறினாலும் என் கதவுக்கு ஓடி வருவாள்.

"சார், ஒரு நிமிஷம் இவளைப் பிடிங்க."

அவளுடைய ஒரு நிமிஷத்துக்குள் நான் இரண்டு தடவை நனைந்து ஒரு தடவை காய்ந்துவிடுவேன்.

அவளுடைய கணவருக்கு நான் வைத்த பெயர் யோசனை. வேறு எதையும் அவர் அந்த வீட்டுக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. விளக்கை இந்தப் பக்கம் வைக்கலாமே, குழந்தையை இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே, குழம்பில் உப்பைக் குறைக்கலாமே. கல்யாணத்துக்கு அவருடைய அம்மா வாங்கித் தந்த மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று உண்டு. முன்னறை ஸ்டூடியோ ஆனதிலிருந்து அது எங்கள் இரண்டு கதவுகளுக்கும் நடுவே நடைவழியில் பிளாஸ்டிக் சுற்றிச் செங்குத்தாக நின்றது. தினமும் சாயங்காலம் அதைத் தொட்டுத் தடவிப் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் மனிதர் உள்ளே போவார். பெற்ற பிள்ளைகளை அப்படித் தடவி நான் பார்த்ததில்லை.

அந்த மழை ஆரம்பித்த வாரத்தில் ஒரு நாள் எதிர்வீட்டுப் பேச்சு என் காதில் தானாக வந்து விழுந்தது. கதவோரமாக நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன், அவ்வளவுதான்.

"இந்த மழை முடியற வரைக்கும் பாரு. அதுக்குள்ள நிலைச்சு வேலை வரலைன்னா சோபா உள்ள வருது. நீ பழைய ஆபீசுக்கே போ. புள்ளைங்களைக் காப்பகத்துல விட்டுடலாம்."

"புள்ளைங்களைப் பார்த்துக்கணும்னு வேலையை விடச் சொன்னது யாரு?"

"அது அப்போ."

"அப்போவுக்கும் இப்போவுக்கும் நடுவுல என்ன மாறுச்சு?"

"வீட்டுக்கு வந்தா உக்கார இடமில்ல. நான் என்ன இந்த வீட்டுல ஒரு ஸ்டூலா?"

"ஸ்டூலா இருந்தா மேல ஏறிப் பரண்ல இருந்து ஏதாவது எடுத்திருப்பேனே."

அதற்கு யோசனையிடம் யோசனை இல்லை. ஆனால் கெடு கெடுதான்.

இந்த நிலையில்தான் இரும்புக்கடைக்காரர் வந்தார். புதிதாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். வாசலுக்கு நேரே ஹாலில் ஒரு சுவரை வெறுமையாக விட்டிருந்தார். அதில் ஏழு மாதப் பேரனின் படம் நாலடி உயரத்தில் தொங்க வேண்டும், குடிபோகிற விருந்தன்று ஊரே அதைப் பார்க்க வேண்டும். அந்தச் சுவரில் ஒரு படம் தொங்கிவிட்டால் அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்கிற பணக்காரர்கள் அத்தனை பேரும் மறுநாளே இந்த மாடிப்படியில் ஏறுவார்கள் என்பது போட்டோக்காரிக்குத் தெரியும். சோபா வெளியே நிற்பதும் உள்ளே வருவதும் அந்த ஒரு படத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழை மூச்சு வாங்க நின்ற நேரத்தில் ஒன்பது பேர் ஏறி வந்தார்கள். இரும்புக்கடைக்காரர், அவருடைய மனைவி, மகன், மகனின் சித்தப்பாக்கள், அத்தைகள். கடைசியாக, குழந்தையையும் பையையும் பால் பாட்டிலையும் குடையையும் தூக்கிக்கொண்டு மருமகள். மற்ற எட்டுப் பேர் கையிலும் சாவிக்கொத்துக்கூடக் கிடையாது.

போட்டோக்காரியிடம் ஒரு பழக்கம் உண்டு. வந்த குழந்தையை உட்கார வைப்பதற்கு முன்னால் பூசணியை அந்த இடத்தில் உட்கார வைப்பாள். பின்னால் தலையணை முட்டுக் கொடுத்து, வெள்ளைக் குல்லாய் போட்டு, பிரம்புக் கூடைக்குள் வைத்து இரண்டு படம் எடுப்பாள். வெளிச்சம் சரியா, நிழல் எங்கே விழுகிறது என்று அதில் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் அந்த இரண்டையும் அழித்துவிடுவாள். பூசணி மூன்றாவது மாதத்திலிருந்து இந்த உத்தியோகத்தில் இருக்கிறாள். கூடைக்குள் வைத்ததும் ஜன்னலைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கடமை உணர்ச்சி இருந்ததில்லை.

அன்றும் அப்படியே ஆயிற்று. பூசணியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அதே கூடையில் அதே குல்லாயோடு இரும்புக்கடைப் பேரனை வைத்தாள். அவனுக்கு இன்னும் உட்கார வரவில்லை. அம்மாவின் கை நகர்ந்தால் ஊரைக் கூட்டினான். இதற்குத் தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு. அம்மா கூடைக்குப் பின்னால் மண்டி போட்டுக் குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள்மேல் ஒரு சாம்பல் நிறத் துணியைப் போர்த்திவிடுவார்கள். படத்தில் துணி மேடு ஒன்று தெரியும். அப்புறம் கம்ப்யூட்டரில் அதை அழித்துக்கொள்ளலாம்.

"நல்லா மூடும்மா அவளை" என்றாள் இரும்புக்கடை அம்மா. "ராத்திரியெல்லாம் முழிச்சு மூஞ்சி வீங்கிக் கெடக்கு. வீட்டுச் சுவர்ல அது எதுக்கு?"

மருமகள் குனிந்து துணிக்குள் போனாள்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் நடந்ததை மனிதக் கூட்டம் என்று சொன்னால் மற்ற மிருகங்கள் வழக்குப் போடும். ஒரு அத்தை கோழியாகக் கூவினாள். ஒரு சித்தப்பா தரையில் குப்புற விழுந்து தவளையானார். இரும்புக்கடைக்காரர் கைதட்டி, "தாத்தாவைப் பாருடா! டேய், முதலாளி! இங்க பாருடா!" என்று கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். குழந்தை மட்டும் யாரையும் பார்க்காமல் தன் இடுப்பைப் பிடித்திருந்த விரல்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா! துணி மூச்சு விடுது!" என்றாள் மேனேஜர்.

எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணியைக் கொஞ்சம் விலக்கிக் காற்று விட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போட்டோக்காரிதான் போய் விலக்கி, "இன்னும் ரெண்டே ரெண்டும்மா" என்றாள்.

கூட்டம் கீழே இறங்கின அதே நிமிஷம் பூசணி தெர்மோகோல் துண்டு ஒன்றை விழுங்கிவிட்டாள். நான் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் விழுங்கினாள். அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டிய அவசியம் இல்லை. போட்டோக்காரி குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டே டாக்டரிடம் ஓடினாள்.

வரலாற்றில் முதல்முறையாக யோசனை உதவிக்கு வந்தார்.

"படத்தை எல்லாம் நான் அனுப்பிடறேன். இதென்ன பெரிய வித்தையா?"

கேமராவில் இருந்தது மொத்தத்தையும் அனுப்பினார், முதல் இரண்டையும் சேர்த்து. அஞ்சு நிமிஷத்தில் இரும்புக்கடை அம்மாவிடமிருந்து பதில் வந்தது: ரெண்டாம் நம்பர். யோசனை அதை அச்சுக்கடைக்கு அனுப்பினார், சட்டம் போடச் சொன்னார், புதன்கிழமை ஆபீஸ் போகிற வழியில் தானே வாங்கிப் புது வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். நாலடிப் படம். பெற்ற மகளைத் தோளில் சுமந்துகொண்டு மழையில் மூன்று தெரு நடந்திருக்கிறார் மனுஷன், யார் என்று தெரியாமல்.

"எல்லாம் முடிஞ்சாச்சு. ரெண்டாம் நம்பர் பிடிச்சிருந்துதாம்."

"மேட்டை அழிக்கணுமே?" என்றாள் போட்டோக்காரி. பூசணியின் வாயில் விரலை விட்டு அடுத்த துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மேடெல்லாம் ஒண்ணும் இல்ல. பளிச்சுனு இருக்கு. எதுக்கெடுத்தாலும் சந்தேகம்."

அவளுக்கு நான்கு நாள் தூக்கம் பாக்கி. அச்சுக்கடைக்காரர்கள் அழித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பூசணியைத் தூக்க ஆள் வேண்டும் என்பதால் நான் போனேன். வறுவல் வாசனை வாசல்வரை வந்து கையைப் பிடித்து இழுத்ததும் ஒரு காரணம். ஹாலில் நூறு பேர். நேர் எதிரே சுவரில் படம். அதன் கீழே இரும்புக்கடைக்காரர் ஒவ்வொருவராக நிறுத்திச் சாட்சி வாங்கிக்கொண்டிருந்தார்.

"மூக்கைப் பாருங்க. யார் மூக்கு?"

"உங்க மூக்கேதாங்க!"

"அந்தப் பார்வை?"

"ஆம்பளைப் பார்வைங்க! கடையில உக்கார வச்சா இப்பவே எடை போடும்!"

என் முறை வந்தது. குல்லாய் காதை மறைத்திருந்தது. என் மேஜைக்கு வந்திருந்தால் அந்த நொடியே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் இன்னும் சாப்பிடவில்லை. "தாடை அப்படியே உங்களை உரிச்சு வச்சது" என்றேன். ஒரு லட்சம் முகம் பார்த்த கண் சொல்கிறது என்று அடிக்குறிப்பும் சேர்த்தேன். அந்த முகத்தின் சொந்தக்காரி அப்போது என் தோளில் எச்சில் ஒழுக விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐ! நம்ம பூசணி!" என்றாள் மேனேஜர்.

எல்லோரும் சிரித்தார்கள். "குழந்தைக்கு எல்லாக் குழந்தையும் ஒண்ணுதான்" என்றாள் ஒரு அத்தை. மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "பூசணிதான்! அந்தக் கூடையில கடிச்ச இடம் அவ கடிச்சதுதான்!"

போட்டோக்காரி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு யோசனையைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் படத்தையும், ஒரு கணம் என் தோளையும் பார்த்துவிட்டு, ஒரு வறுவல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் மறைக்கவில்லை. நேராக இரும்புக்கடைக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சு. இது உங்க பேரன் இல்ல. வெளிச்சம் பார்க்க முதல்ல எடுத்த படம். இது என் பொண்ணு."

"என்னம்மா உளர்றே? என் பேரனை எனக்குத் தெரியாதா?"

போனை எடுத்துக் காட்டினாள். "இதுதாங்க உங்க பேரன்."

படம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. கூடைக்குள் ஒரு பையன், தலையைக் குனிந்து தன் இடுப்பைப் பார்க்கிறான். இரும்புக்கடை அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"இதை நான் பார்த்தேனே. எல்லாத்துலயும் பின்னாடி ஒரு மூட்டை. அதனாலதான் மூட்டை இல்லாததா எடுத்தேன்."

"மூட்டை இல்லம்மா" என்றாள் போட்டோக்காரி. "அது உங்க மருமக."

நூறு பேர் மெல்லுகிற சத்தம் நின்றது. மருமகள் சமையலறை வாசலில் கை துடைக்கிற துணியோடு நின்றிருந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நான் புதன்கிழமையே சொன்னேன். அத்தை கிட்டச் சொன்னேன், அவர்கிட்டச் சொன்னேன். தூக்கம் கெட்டு மூளை குழம்பிப்போச்சுன்னாங்க."

அவளுடைய கணவன் தட்டைப் பார்த்தான். தட்டில் அப்படி என்ன எழுதியிருந்ததோ.

இரும்புக்கடைக்காரர் வியாபாரி. ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். நூறு பேர் முன்னால் மூக்குக்குச் சாட்சி வாங்கியாகிவிட்டது. போட்டோக்காரியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். நானும் பூசணியும் பின்னாலேயே போனோம்.

"இத பாரும்மா. படம் நல்லா இருக்கு, சுவருக்குப் பொருத்தமா இருக்கு. அப்படியே இருக்கட்டும். ஏதோ குழந்தை விளையாட்டாச் சொல்லிடுச்சு, நீயும் அசந்துட்டேன்னு சொல்லிடு. இங்க வந்திருக்கிற அத்தனை வீட்டு வேலையும் உனக்கு வாங்கித் தர்றேன். ஒரு வருஷத்துக்கு நீ நிமிர முடியாது."

"நல்ல யோசனை" என்றார் யோசனை. எங்கிருந்து முளைத்தாரோ.

போட்டோக்காரி சுவரைப் பார்த்தாள். அவள் மனதில் சோபா வந்திருக்கும், காப்பகம் வந்திருக்கும். எனக்கே சோபா வந்தது. அப்புறம் அவள் ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டாள். ஏறினாள். படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"ஏய்! என்ன பண்றே?"

"என் பொண்ணை எடுத்துட்டுப் போறேங்க. பெத்தவளை மூட்டைங்கற வீட்டுல அவ தொங்க வேண்டாம். உங்க பேரன் படம் நாளைக்கு வரும், மூட்டையோட."

படம் இறங்கியது. சுவரில் ஆணி மட்டும் நின்றது. நூறு பேரில் ஒருவரும் கை கொடுக்கவில்லை. நான் கொடுத்திருப்பேன், என் கையில் பூசணி இருந்தாள். சாப்பிடாமல் திரும்பி வந்தோம். அந்த வறுவலை நான் இன்னும் மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் அவள் அனுப்பிய படம் அப்படியே திரும்பி வந்தது. பிறகு பத்து நாள் மழை. மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம் இல்லை. இரும்புக்கடைக்காரர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்: அந்தப் பொம்பளைக்குப் பையனுக்கும் பொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. நூறு பேர் மூக்கைப் பார்த்துச் சத்தியம் செய்தது ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை. போட்டோக்காரி தினமும் எட்டு மணிக்குத் திரையை இழுத்துக் கட்டுவாள், பத்தரைக்கு அவிழ்ப்பாள். நடுவில் ஜன்னலைத் துடைப்பாள்.

பதினோராம் நாள் மழை விட்டது. யோசனை லீவு போட்டுவிட்டுச் சோபாவின் பிளாஸ்டிக்கை உரித்தார். திருவிழாவுக்குப் புறப்படுகிற முகம். ஒரு முனையைத் தானே தூக்கிக்கொண்டார், மறுமுனையை நகர்த்த என்னைக் கூப்பிட்டார். எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. தனியாகவே இழுத்துத் தள்ளி வாசல் தாண்டும்போது நிலைப்படியில் இடித்துப் பின்னங்கால் ஒன்று படக்கென்று முறிந்தது. கையை விட்டால் சோபா மல்லாந்துவிடும். முதுகால் முட்டுக் கொடுத்துக்கொண்டு அதன் பின்னால் மண்டி போட்டுவிட்டார்.

"யாராவது ஒரு செங்கல் கொண்டாங்களேன்!"

செங்கல் வரவில்லை. இரும்புக்கடை மருமகள் வந்தாள். கையில் குழந்தை, அவ்வளவுதான். பை இல்லை, குடை இல்லை, பின்னால் எட்டுப் பேர் இல்லை. மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"செருப்பை வரிசையா விடுங்க."

விட்டாள். போட்டோக்காரி எழுந்து நின்றாள்.

"வீட்டுல தெரியுமா?"

"தெரியும். சொல்லிட்டுத்தான் வந்தேன். அவங்களுக்குத்தான் காது கேக்கல." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஒரு படம் எடுக்கணும். நானும் இவனும். துணி வேண்டாம்."

போட்டோக்காரி ஜன்னலைப் பார்த்தாள். ஒன்பது மணி. மழை கழுவிவிட்ட வெளிச்சம் உள்ளே வந்து, வாசல் தாண்டி உள்ளே வந்துவிட்ட சோபாவின்மேல் சரியாக விழுந்திருந்தது. நிழல் இல்லை. மூன்று பேர் சோபா, அதில் அவள் ஒருத்தி உட்கார இடம் தாராளம்.

"அதுலயே உக்காருங்க."

"ஏய், கால் உடைஞ்சு கெடக்கு, நான் பிடிச்சிட்டிருக்கேன்!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"அப்படியே பிடிச்சிருங்க. ரெண்டே ரெண்டு படம்."

"என் தலை தெரியுமே!"

"தெரியாது" என்றாள் போட்டோக்காரி. கம்பியிலிருந்து சாம்பல் துணியை உருவி அவர்மேல் போர்த்திவிட்டாள்.

அன்று வெளிச்சம் பார்க்கப் பூசணி தேவைப்படவில்லை. மருமகள் வீங்கின மூஞ்சியோடு, கலைந்த தலையோடு உட்கார்ந்தாள். பையன் அவள் விரல்களைத் தேடிக் குனிந்தான், விரலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான், முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கோழி கூவவில்லை, தவளை குதிக்கவில்லை. போட்டோக்காரி ரெண்டு என்று சொல்லி முப்பது எடுத்தாள்.

"அம்மா, துணி மூச்சு விடுது" என்றாள் மேனேஜர்.

"விடட்டும்."

எடுத்ததைப் போனில் காட்டினாள். மருமகள் வெகுநேரம் பார்த்தாள். சோபாவுக்குப் பின்னால் சாம்பலாக ஒரு மேடு.

"இதை அழிச்சுத் தரேன்" என்றாள் போட்டோக்காரி.

"வேண்டாம். மூட்டை இருக்கட்டும்." சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். "விருந்துல இருந்தவங்கதான். பெரிய வீட்டு மருமகளுங்க மூணு பேரு கீழ நிக்கறாங்க. நான் முதல்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். ஏறி வரலாமா?"

போட்டோக்காரி பூசணியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"சார், ஒரு நிமிஷம்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாம்பல் துணி அசைந்தது. "இறக்கி வச்சிடவா?" என்றது.

"அசையாதீங்க" என்றாள் அவள். "வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."